கரண்ட் ஜாக்கி

செப்டம்பர் 1, ஞாயிறு

இந்த நோட்டை லாரா கொடுத்தாள். அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கச் செவ்வாய்தோறும் வீட்டுக்கு வருகிற பெண். "நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களும் மனதில் இருப்பதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும்" என்று சொல்லிக் கையில் திணித்துவிட்டுப் போனாள். பத்து நாளாக மைக்ரோவேவ் மேல் கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், தண்டபாணி. மார்ச் மாதம் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. புத்தி துளிகூடக் குறையவில்லை, எல்லாம் புரியும், சொல்லத்தான் வராது என்றார் டாக்டர். எல்லாம் புரிந்தும் வாய் திறக்க முடியாமல் ஒரு வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய வேதனை என்று லாரா எனக்கு அரைமணி நேரம் விளக்கினாள். நானும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் கடைசிவரைதான் லாரா வருவாள். அதற்குள் பத்து வார்த்தையாவது வந்தால் மேலும் வர அனுமதி கிடைக்கும். வராவிட்டால் காப்பீட்டுக்காரர்கள் நிறுத்திவிடுவார்கள், அதற்குப் பிறகு பேச்சு வருவது கடினம். தினமும் ஒரு மணி நேரம் நான் எதிரில் உட்கார்ந்து பழக்க வேண்டுமாம். லாரா வாரத்தில் ஒரு நாள், நான் ஆறு நாள். "உங்கள் கையில்தான் இருக்கிறது, சம்பூரணம்" என்றாள். என் பெயரை அவள் வாயில் போட்டு மெல்லுவதைக் கேட்கச் சிரிப்பாக இருக்கும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது. இருபது கிலோ இருக்கும். நான்தான் வரச்சொன்னேன். கரண்ட் ஜாக்கி.

எங்களிடம் ஒரு பழைய டிரெய்லர் இருக்கிறது. லாரிக்குப் பின்னால் இழுப்பதல்ல; உள்ளே கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் வைத்து, பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி ஊர் ஊராக இழுத்துப் போவது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் செய்தது. அலுமினிய உடம்பு, முட்டைபோல இருக்கும். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு கிழவரின் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தார். பெற்ற மகனைவிட அதைத்தான் நன்றாகத் துடைத்து வைத்தார். ஒவ்வொரு கோடையிலும் ஏரிக்குப் போவோம்.

அதன் முன்பக்கம் ஓர் இரும்புச் சட்டம் முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும். மூக்கு என்போம். வண்டியில் மாட்டவும் கழற்றவும் அந்த மூக்கை ஏற்றி இறக்க வேண்டும். அதற்குத்தான் ஜாக்கி. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மூக்கு மேலே ஏறும். அறுபத்திரண்டு சுற்று. அவர் பிக்கப்பில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பார், நான் சுற்றுவேன். கொஞ்சம் தாமதமானால் ஹாரன் அடிப்பார். பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

தோள்பட்டை பிடித்துக்கொண்ட வருடம் ஒருமுறை கேட்டேன். "ஏனுங்க, பட்டனை அமுத்துனா ஏறுற மாதிரி ஜாக்கி இருக்குதாமுங்க. அதொண்ணு போட்டுக்கலாமுங்களா?"

"கையி ரெண்டும் நல்லாத்தான இருக்குது? சோம்பேறிப் பொம்பளைகளுக்கு விக்கறானுக அதையெல்லாம்."

எலக்ட்ரிகல் இன்ஜினியர். பட்டன் வைத்தே முப்பது வருடம் சம்பாதித்தவர்.

பெட்டியை ஹாலுக்கு இழுத்து வந்து அவர் கண்ணெதிரில் பிரித்தேன். படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்காகத்தானுங்க. இந்த வருசமும் ஏரிக்குப் போவோணுமில்ல?" என்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

லாரா கொடுத்த தாளில் இருபது வார்த்தைகள் படத்தோடு அச்சடித்திருக்கின்றன. இன்று பயிற்சி நேரத்தில் அதற்குப் பதிலாக ஜாக்கியின் கையேட்டை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு மணி நேரம் முழுதாக. வார்த்தைதானே, எதுவாக இருந்தால் என்ன.

செப்டம்பர் 7, சனி

மாத்திரை கொடுத்து, துடைத்து, துணி மாற்றி, உப்பில்லாக் கஞ்சி ஊட்டிவிட்டு, சக்கர நாற்காலியோடு அவரை முன்வாசலில் கொண்டுபோய் வைத்தேன். வெயில் நன்றாக இருந்தது. எங்கள் வீட்டு வண்டிப்பாதை தெருவைப் பார்த்துச் சரிவாக இறங்கும். டிரெய்லர் அதில்தான் நிற்கிறது, மூக்கு வீட்டைப் பார்த்து, பின்புறம் தெருவைப் பார்த்து. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவருக்கு எல்லாம் தெரியும்.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பழைய ஜாக்கியின் பக்கத்தில் குனிந்தேன். உடனே "ம்ம், ம்ம்" என்று சத்தம். நிமிர்ந்தேன். இடது கையால் நாற்காலியை அடிக்கிறார். டிரெய்லரின் சக்கரத்தைக் காட்டுகிறார். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கவில்லை. அது இல்லாமல் ஜாக்கியைக் கழற்றினால் டிரெய்லர் உருண்டுவிடும்.

எனக்குப் புரியாமல் இல்லை. பத்தொன்பது வருடம் அந்தக் கட்டையை வைத்தது யாராம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எழுந்துபோய், "தண்ணி வேணுங்களா?" என்று கேட்டு, ஒரு டம்ளர் கொண்டுவந்து வாயில் வைத்தேன். தலையை ஆட்டினார், தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. மறுபடி சக்கரத்தைக் காட்டினார். "இன்னொரு டம்ளருங்களா?" என்றேன். மூன்றாவது டம்ளருக்குக் கையை இறக்கிவிட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு எங்கும் சொல்ல முடியாது, இங்கே எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் செல்வநாயகம் அண்ணன் வந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த இரும்பையும் பார்த்த பார்வையில் எடை போட்டுவிடுவார்.

"தங்கச்சி, உந்த ஜாக்கியைக் கழட்டேலாது. பழைய வெல்டிங். வெட்டத்தான் வேணும். அதுக்கு முதல் சில்லு ரெண்டுக்கும் கட்டை குடுங்கோ. இந்தச் சரிவில நிக்குது, வழுக்கிச்செண்டால் ரோட்டிலதான் போய் நிக்கும்."

"ஐயோ, எனக்கு இதெல்லாந் தெரியாதுங்கண்ணா" என்றேன்.

அவரே கட்டை வைத்துக் கொடுத்தார். மூக்கின் கீழே இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளும் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். போகும்போது வாசலில் நின்று, "தண்டபாணியர், எப்பிடி இருக்கிறியள்? மனுசி உங்கட வண்டியைப் புதுசாக்கிறா, குடுத்து வைச்ச ஆள் நீங்கள்" என்றார். அவர் செல்வநாயகம் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பயிற்சி நடக்கும்போது நான் அறையில் இருந்தால் அவருக்குப் படபடப்பு வருகிறதாம். இனி வெளியே இருக்க முடியுமா என்று லாரா தயங்கித் தயங்கிக் கேட்டாள். எனக்கும் நல்லதாகப் போயிற்று. செவ்வாய் ஒரு மணி நேரம் ஜாக்கி வேலைக்கு.

வீட்டுப் பயிற்சிக்கு ஒரு அட்டவணை இருக்கிறது, செய்த நாளுக்கெல்லாம் டிக் போட வேண்டும். இரண்டு வாரத்துக்கும் சேர்த்துப் போட்டு வைத்திருந்தேன். ஒரே பேனாவில் போட்டால் தெரிந்துவிடும் என்று மூன்று பேனா. லாரா பார்த்துவிட்டு, "நீங்கள் ஒரு நாள்கூட விடவில்லையே" என்று என் தோளைத் தடவினாள். பிடித்துக்கொண்ட தோள், கொஞ்சம் வலித்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

மகன் பிரகதீஷ் சியாட்டிலிலிருந்து போன் செய்தான். ஞாயிறு பத்து மணிக்கு வருகிற போன்.

"அப்பா ஏதாச்சும் பேசுறாராம்மா?"

"இல்ல சாமி. நானும் தெனமும் தொண்டை தண்ணி வத்தக் கத்துக்குடுக்கறேன். வரமாட்டேங்குது."

"அந்த டிரெய்லர எதுக்கும்மா நோண்டிட்டிருக்கற? வித்துப்போடலாமே."

"அப்பா உசுரே அதுலதான் இருக்குது. அதைப் போயி விக்கறதா?"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர் எதிரில்தான் இருந்தார். நான் பேசியதையும் கேட்டார், மகன் "நீ ரொம்ப நல்லவம்மா" என்று சொன்னதையும் கேட்டார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

லாரா உள்ளே போய்க் கதவைச் சாத்தினதும் செல்வநாயகம் அண்ணன் கிரைண்டரைப் போட்டார். தீப்பொறி பறந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நான் டிரெய்லரின் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரத்தில் பழைய ஜாக்கி தனியாகக் கழன்று புல்லில் விழுந்தது. நல்ல கனம். கைப்பிடி துருவேறாமல் பளபளவென்று இருந்தது, என் கை பட்டுப் பட்டு.

அது ஒருமுறை என் மணிக்கட்டை உடைத்திருக்கிறது. ஏரிக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை, பிடி நழுவி எதிர்ப்பக்கமாகச் சுழன்று அடித்தது. எலும்பு போன சத்தம் எனக்கே கேட்டது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இடம் புடிச்சிருக்குது" என்றார் அவர். இடது கையாலேயே இரண்டு நாள் சமைத்தேன். அவருடைய ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள், மீன் குழம்பு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில், கீழே விழுந்துவிட்டேன் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பழைய ஜாக்கியைக் கழுவித் துடைத்து ஹாலில் டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவருக்குப் பார்க்க வசதியாக.

செப்டம்பர் 19, வியாழன்

மாவு பொங்கி வழிந்து ஃபிரிட்ஜெல்லாம் நாசம். துடைக்கவே பாதி நாள் போயிற்று. பயிற்சி இல்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

புதிய ஜாக்கி மூக்கில் இருக்கிற ஓட்டைக்குள் இறங்கிவிட்டது. ஆனால் மூன்று போல்ட்டில் ஒன்று பொருந்தவில்லை. அந்தக் காலத்துச் சட்டத்தின் அளவு வேறு. துளையைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. செல்வநாயகம் அண்ணன் டிரில்லைக் கையில் கொடுத்து, "நீங்களே போடுங்கோ, பயப்பிடாதேயுங்கோ" என்றார். போட்டேன். இரும்பு சுருள் சுருளாக வந்தது. பிறகு போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் கிரைண்டரால் தேய்த்து வெள்ளி தெரியும்வரை சுத்தம் செய்தேன். பெயின்ட் இருந்தால் எர்த் கிடைக்காது, மோட்டார் ஓடாது. கிரீஸ் துடைக்கத் துணி அகப்படவில்லை. லாராவின் வார்த்தைத் தாள் நல்ல தடிமன், அதில் துடைத்தேன்.

ஐம்பத்தேழு வயதில் இரும்பில் ஓட்டை போடுகிறேன். எங்கள் அப்பா பார்த்தால் மயக்கம் போட்டுவிடுவார்.

செப்டம்பர் 28, சனி

இன்று ஒயரிங். ஜாக்கியிலிருந்து வருகிற ஒயரைப் பேட்டரியில் கொடுக்க வேண்டும், நடுவில் ஃபியூஸ் வைக்க வேண்டும். வைக்காமல் விட்டால் என்றைக்காவது ஒயர் பற்றிக்கொள்ளும். கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.

அவரை வாசலில் இல்லாமல் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தேன். "நீங்க இன்ஜினியருங்களே. தப்பா இருந்தா சொல்லுங்க" என்றேன். சொல்லிவிட்டு ஃபியூஸ் இல்லாமல் நேராக முடுக்கப் போனேன்.

நாற்காலியை அடித்தார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. பேட்டரியைக் காட்டினார், ஒயரைக் காட்டினார், விரலால் காற்றில் சின்னப் பெட்டி போட்டுக் காட்டினார். ரொம்பத் தெளிவாகத்தான் காட்டினார். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

"குளுருதுங்களா? இருங்க" என்று சொல்லி உள்ளே போய்க் கம்பளியை எடுத்து வந்து கழுத்துவரை போர்த்தி, கை இரண்டையும் உள்ளே வைத்து இறுக்கிச் செருகிவிட்டேன். இடது கை கொஞ்ச நேரம் உள்ளே அசைந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. என்னை முதன்முறையாக நிதானமாகப் பார்ப்பதுபோல இருந்தது. எனக்கு என்னவோபோல ஆகி, நானே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவரை உள்ளே விட்டுவிட்டு வந்து ஃபியூஸ் வைத்தேன். நான் ஒன்றும் முட்டாள் இல்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

லாரா போகும்போது வாசலில் நின்று சிரித்தாள். "உங்கள் கணவர் ரொம்ப அழுத்தமான ஆள். பொறுத்திருங்கள்" என்றாள். என்ன முன்னேற்றம் என்று கேட்டேன். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு.

அக்டோபர் 4, வெள்ளி

ஏறிவிட்டது.

பட்டனை அமுக்கினேன். உர்ரென்று சத்தம், மூக்கு மேலே எழும்பியது. இன்னொரு பக்கம் அமுக்கினேன், இறங்கியது. பத்தொன்பது வருடம். அறுபத்திரண்டு சுற்று. ஒரு விரல். வண்டிப்பாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். செல்வநாயகம் அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் தன் ஸ்டாண்டுகளை எடுத்துக்கொண்டு, "சரி தங்கச்சி, இனி உவை தேவைப்படாது" என்று கிளம்பிவிட்டார்.

பிறகு அவரைக் கொண்டுவந்து வைத்து, அவர் எதிரில் ஏற்றி இறக்கிக் காட்டினேன். பதினைந்து தடவையாவது இருக்கும். சத்தமே போடவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். கண்ணைக்கூட அசைக்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

லாரா வந்தாள், போனாள். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. ஏரிக்கு அடுத்த வாரம்.

அக்டோபர் 11, வெள்ளி, காலை

சுண்டல் ஆயிற்று. பொரி இந்தியக் கடையில் கிடைத்தது. சந்தனம், குங்குமம், கற்பூரம், சாமந்தி எல்லாம் தட்டில் எடுத்து வைத்துவிட்டேன். ஸ்பேனர், டிரில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. பழைய ஜாக்கிக்கு வைக்கவில்லை. எலுமிச்சம்பழம் ஏழு வாங்கினேன், பிக்கப்புக்கு நான்கு, டிரெய்லர் சக்கரத்துக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று. இவ்வளவு வருடமும் இந்த பூஜையை அவர்தான் செய்வார், நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இன்று நான் செய்யப் போகிறேன், அவர் உட்கார்ந்து பார்ப்பார்.

மீதியை பூஜை முடிந்து எழுதுகிறேன்.

அக்டோபர் 17, வியாழன்

இடது கை எழுத்து. எனக்கே படிக்க முடியவில்லை.

வலது கையில் மூன்று விரல் இல்லை. நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல்.

அக்டோபர் 19, சனி

கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் எப்படி ஆயிற்று என்று நான்கு பேர் கேட்டார்கள். எலுமிச்சம்பழத்தைப் பற்றி அவர்களுக்கு எப்படிச் சொல்வது. சக்கரம் உருண்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

நடந்தது இதுதான். சக்கரத்துக்குப் பழம் வைக்க வேண்டும். அந்த இடத்தில் முட்டுக்கட்டை இருந்தது. கட்டை இருக்கும்போது பழத்தை எங்கே வைப்பது? கட்டையை உருவிப் புல்லில் போட்டுவிட்டு, அது இருந்த இடத்தில் பழத்தை வைத்தேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஐந்து நிமிடத்துக்குத்தானே. டிரெய்லர் அசையாமல்தான் நின்றது. பிறகு முன்னால் வந்து, ஜாக்கிக்குச் சந்தனம் வைத்து, அவர் பார்க்கட்டும் என்று இரண்டு தடவை ஏற்றி இறக்கினேன். அதில்தான் சக்கரம் அசைய ஆரம்பித்திருக்க வேண்டும்.

ஜாக்கியின் கால் ஒரு பலகைமேல் நிற்கும். அந்தப் பலகையில் கடைசிப் பழத்தை வைக்கக் குனிந்தேன். குனிவதற்கு முன்னால் அவரை ஒரு தரம் பார்த்தேன். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு என் கையைப் பார்த்தார். கம்பளியும் போர்த்தவில்லை அன்றைக்கு, கை இரண்டும் மடிமேல்தான் இருந்தது. நாற்காலியை அடிக்கவில்லை. "ம்ம்" என்றுகூடச் சொல்லவில்லை.

டிரெய்லர் தெருப்பக்கமாக ஒரு முழம் நகர்ந்தது. ஜாக்கியின் கால் பலகையிலிருந்து சரிந்து என் கைமேல் இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார். இடது கை எட்டுகிற இடத்தில்தான் பட்டன் இருந்தது, அதை அமுக்கக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தோன்றியது.

பாவம், அவரால் என்ன செய்திருக்க முடியும்.

அக்டோபர் 20, ஞாயிறு

பிரகதீஷ் வந்து ஒரு வாரமாக இருக்கிறான். சமைக்கிறான், அவரைத் துடைத்துவிடுகிறான். முகம் வெளுத்துப் போயிருக்கிறது.

"கண்ணு முன்னாடி நடக்குது, ஒரு சத்தம் போட முடியாம உக்காந்திருந்திருக்காரேம்மா. அதை நெனச்சா எனக்கு உன்னையவிட அப்பாவ நெனச்சுத்தான் அழுகையா வருது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பேச்சுப் பயிற்சியை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் ஒரு வார்த்தையாவது வந்திருக்கும், விரல் மிஞ்சியிருக்கும். இதை யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு அவன் கிளம்புகிறான். இனி தினமும் ஒரு மணி நேரம் உட்காருவது என்று முடிவு செய்திருக்கிறேன். வார்த்தைத் தாள் வேறு வாங்க வேண்டும்.

அக்டோபர் 22, செவ்வாய்

லாரா வந்தாள். என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் வாசலிலேயே அழுதுவிட்டாள். என்னை உட்காரவைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். எப்படி நடந்தது என்று கேட்டாள், சக்கரம் உருண்டதைச் சொன்னேன். அவர் எங்கே இருந்தார் என்றாள். எதிரில்தான் என்றேன்.

"அப்படியானால் அவர் கத்தியது உங்களுக்குச் சரியான நேரத்தில் கேட்கவில்லையா?"

எனக்கு விளங்கவில்லை. அவரால் எப்படிக் கத்த முடியும் என்றேன்.

லாரா இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டாள். "ஓ, உங்களுக்குத் தெரியாது இல்லையா. மன்னியுங்கள். வரும் முப்பதாம் தேதி உங்கள் திருமண நாளாம், காலண்டரில் தொட்டுக் காட்டினார். அன்றைக்கு உங்களை ஆச்சரியப்படுத்த வேண்டும், அதுவரை சொல்லாதே என்று உதட்டில் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பதினாறு வார்த்தை வந்துவிட்டது, சம்பூரணம். எல்லாம் நீங்கள் தினமும் உட்கார்ந்ததன் பலன். மேலும் மூன்று மாதம் பயிற்சிக்கு அனுமதி வந்திருக்கிறது."

"முதலில் வந்தது எந்த வார்த்தை?" என்று கேட்டேன்.

"ஸ்டாப். செப்டம்பர் பதினேழாம் தேதி. வெளியே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதனால்தான் உங்களுக்குக் கேட்டிருக்காது. அந்தச் சத்தத்தையும் மீறிக் கத்தினார். அதை மட்டும் அவர் எவ்வளவு சத்தமாகச் சொல்வார் தெரியுமா? நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிடுவோம்."

நான் தேநீரைக் குடித்தேன். லாரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்றைக்குக் கத்தினாரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கத்தினார். நான்தான் கவனிக்கவில்லை" என்றேன்.

அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இந்த ஏழு மாதத்தில் பயிற்சிக்கென்று அப்படி உட்கார்ந்ததில்லை. கட்டுப் போட்ட கையை என் மடிமேல் வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

"சக்கரம் நகந்ததைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவசரப்படவில்லை. நாக்கை மேலண்ணத்தில் வைத்து, எடுத்து, உதட்டைச் சேர்த்துப் பிரித்து, லாரா சொல்லிக்கொடுத்த மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டார்.

"பாத்தேன்" என்றார்.

லாராவுக்குத் தமிழ் தெரியாது. இதை அவராகவே தனியாக உட்கார்ந்து பழகியிருக்கிறார். ஏழு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ஓர் எழுத்தும் பிசகவில்லை.